உழைப்பாளர் சிலையைச் செய்தவர்

மைசூர் நகரின் வடமேற்கே ஹெப்பாளில் குடியிருக்கும் எம் போன்ற தமிழர்க்குச் சென்னை செல்லும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோதான் கிட்டும். சென்றால் கடற்கரைக்குப் போகாமல் திரும்புவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஹெப்பாள் தொழிற்பேட்டையில் முப்பதாண்டுகள் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று ஓய்வு பெற்ற என் அண்டை வீட்டு நண்பர் ஒருவரும் உடன் வந்திருந்தார். மெரினாவின் வடபகுதியில் உழைப்பாளர் சிலையின் முன் அவர் நெடுநேரம் நின்றார். நால்வரின் முதுகையும் காலையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பின்னர், "கல் இன்னும் அசையவில்லை ஐயா, ஆனால் நாலு பேரும் ஒரே மூச்சில் இருக்கிறார்கள்" என்றார். சற்றுப் பொறுத்து, "இதைச் செய்தவர் யார்?" என்று வினவினார். நான் பெயரைச் சொன்னேன். அருகில் கடலை வாங்கிக்கொண்டிருந்த சென்னை அன்பர்கள் இருவர் திரும்பிப் பார்த்து, "அப்படியா, வங்காளியா?" என்று வியந்தனர். நாள்தோறும் அவ்வழியே செல்வோர் அவர்கள்.

அந்த வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம். தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற வெண்கலச் சிற்பத்தை வடித்த கையினைத் தமிழர் பலர் அறியார். மாமல்லையின் உளி பிடித்தவர் பெயர் தெரியாமற் போனதற்குக் காலத்தின் தொலைவைக் காரணம் காட்டலாம். 1959இல் நிறுவிய சிலைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

தேவி பிரசாத் ராய் சௌதுரி 1899ஆம் ஆண்டு, இன்று வங்காளதேசத்தில் அடங்கியுள்ள ரங்கபூர்ப் பகுதியில் பிறந்தவர். ஓவியத்தை அவனீந்திரநாத தாகூரிடம் பயின்றார். சிற்பத்தை இரண்மய ராய் சௌதுரியிடம் கற்றார். இவ்விரு ஆசிரியரையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தல் வேண்டும். அவனீந்திரர் மேனாட்டு எண்ணெய் வண்ணத்தையும் அச்சு அசலான உருவப் பதிவையும் விலக்கி, அசந்தா, முகலாயம், சப்பானிய நீர்வண்ணம் ஆகியவற்றின் மென்மையை நாடியவர். இரண்மயரோ இலண்டனில் பயின்று, மேனாட்டுக் களிமண் உருவமைப்பில் கைதேர்ந்தவர். ஓவியத்தில் மென்புகை போன்ற வங்காளப் பாணி. சிற்பத்தில் நரம்பும் எலும்பும் தெறிக்கும் மேனாட்டுப் பாணி. இரண்டும் ஒரே மனிதரிடத்தில் வாழ்நாள் முழுவதும் சண்டையின்றிக் குடியிருந்தன. இளமையில் மற்போர் பயின்ற உடல், குழல் வாசிக்கும் விரல், வேட்டையில் நாட்டம், வங்காளியில் சிறுகதை எழுதும் பழக்கம். இத்தகையவர் ஒரே பாணிக்குள் அடங்குவார் என எதிர்பார்ப்பது நம் தவறு.

இவ்விடத்தில் மைசூர் வாசகர்க்கு ஒரு செய்தி. அவனீந்திரரின் அதே மாணவர் வட்டத்தில் நம் மைசூர்ச் சீமையின் கே. வெங்கடப்பாவும் இருந்தார். அவர் ஊர் திரும்பி, அம்பாவிலாச அரண்மனைக்கென வெண்சாந்தில் புடைப்புச் சிற்பங்கள் செய்தார். அவரும் ஓவியராகத் தொடங்கிச் சிற்பத்தையும் கைக்கொண்டவரே. ஆனால் அவர் பணி அரசரின் கூடத்திற்குள் நின்றது. ராய் சௌதுரியின் பணி தெருவுக்கு வந்தது. இருவரின் வாழ்வையும் பிரித்தது ஆற்றலின் வேறுபாடு அன்று, பணி கொடுத்தவரின் வேறுபாடே என்பது என் கருத்து.

1929இல் ராய் சௌதுரி சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்பள்ளி 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றுப் பின்னர் அரசின்கீழ் வந்தது. அக்காலத்தில் அது பெயரளவிலேதான் கலைப்பள்ளி. தட்டாரும் தச்சரும் கன்னாரும் தத்தம் தொழிலைச் செம்மைப்படுத்திக்கொள்ளும் பட்டறையாகவே அதை ஆங்கிலேயர் நடத்தி வந்தனர். அலுமினியப் பாத்திரத் தொழில் இந்நாட்டில் வேரூன்றியதற்கு ஆல்பிரட் சாட்டர்டன் அங்கே செய்த முயற்சிகளே காரணம் என்பர். அந்தச் சாட்டர்டனே பிற்காலத்தில் மைசூர் அரசின் தொழில்துறைத் தலைவராக நம் ஊருக்கும் வந்தார். இவ்வாறு குடமும் கும்பாவும் செய்த பள்ளியில் இந்தியர் ஒருவர் முதன்முறையாகத் தலைமை நாற்காலியில் அமர்ந்தார். 1957வரை, ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள், அங்கிருந்து அவர் நகரவில்லை.

அவர் வந்த காலத்துச் சென்னையின் நிலையை எண்ணிப் பார்த்தல் தகும். வெண்கலச் சிலை என்றால் அந்நகரில் இரண்டே பொருள். ஒன்று கோயிலின் உலாத் திருமேனி. மற்றொன்று வெள்ளைக்காரத் துரை. தீவுத்திடல் அருகே குதிரைமேல் வீற்றிருக்கும் தாமஸ் மன்றோவின் சிலையை இலண்டனில் பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்தார்; 1839இல் அது சென்னையில் நிறுவப்பெற்றது. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை என்று ஊரார் இன்றும் கதை சொல்வர். இதே மன்றோ 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாட்டைப் பங்கிட அமைந்த குழுவின் செயலாளர்களுள் ஒருவர். ஆகையால் அவர் முகம் நமக்கும் முற்றும் அயலானதன்று. மன்றோவையாவது மக்கள் ஒருவாறு பொறுத்துக்கொண்டனர். நல்லவர் என்ற பெயர் அவருக்கிருந்தது. மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் துரையின் சிலையை அவ்வாறு பொறுக்க இயலவில்லை. 1857 எழுச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்மூடித்தனமாக மக்களைத் தூக்கிலிட்ட படைத்தலைவர் அவர். 1927இல் அச்சிலையை அகற்றக் கோரிச் சத்தியாக்கிரகம் எழுந்தது. தொண்டர்கள் சுத்தியலோடும் ஏணியோடும் சென்று சிறை புகுந்தனர். அதனைத் தொடர்ந்து நடத்த முன்வந்து காந்தியடிகளின் ஒப்புதலை நாடிய இளைஞருள் விருதுநகர்க் காமராசரும் ஒருவர். பத்தாண்டு கழித்து, 1937இல் இராசாசியின் அமைச்சரவை வந்த பின்பே நீல் துரை தெருவிலிருந்து இறங்கி அருங்காட்சியகத்துள் அடங்கினார்.

ஆக, ராய் சௌதுரி சென்னையில் கால் வைத்தபோது, சிலை என்பது வெறும் அழகுப் பொருள் அன்று, அதன்மேல் போர் தொடுக்கலாம் என்பதை அந்நகரம் அப்போதுதான் கற்றிருந்தது. இதனை நாம் மறத்தல் ஆகாது. ஏனெனில் நீல் சிலையை வீழ்த்த முனைந்த அதே காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில்தான், அதே நகரின் கடற்கரையில், கோவணம் கட்டிய நான்கு உழைப்பாளிகள் வெண்கலத்தில் ஏறினர். இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் சிற்பியின் நிலையும் ஒரே சீராக இருக்கவில்லை. 1937இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. பட்டம் அளித்தது. ஆளவந்தோரின் உருவங்களையும் அவர் வடித்தார். அரசுப் பள்ளியின் தலைவர்க்கு அது தவிர்க்கவொண்ணாத கடமை எனலாம். ஆனால் அவர் தம் விருப்பத்தால் செய்தவற்றை நோக்குங்கள். குளிரில் கூனிக் கிடக்கும் முதியோர், பசியால் எலும்பு தெரியும் தாய், பாதை போடும் கூலிகள் ஆகியோரே அங்கு வருகின்றனர். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் அவரை உலுக்கியது. பஞ்சத்தில் அடிபட்டோரை அவர் வெண்கலமாக்கினார். பட்டம் வாங்கிய கையும் பஞ்சத்தை வடித்த கையும் ஒன்றே. இதில் முரண் காண்போர் காணலாம். எனக்கு முரண் தோன்றவில்லை. அக்காலத்து அரசு ஊழியர் பலரின் வாழ்வு அவ்வாறே இரண்டு அடுக்காக இருந்தது.

இனி அவர் வேலை செய்த முறையைச் சற்று விரிவாகக் காண்போம். சிற்பக் கட்டுரை எழுதுவோர் பலர் உணர்ச்சியைப் பேசி முறையை விட்டுவிடுகின்றனர். அது பாட்டைப் புகழ்ந்து யாப்பை மறப்பது போன்றது.

நம் சுவாமிமலைத் தபதியர் முறை வாசகர் பலரும் அறிந்ததே. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவை அமைப்பர். அளவுக்குத் தென்னங்கீற்று ஓலையை மடித்து வைத்துக்கொள்வர். தலைமைத் தெய்வங்கட்கு உத்தம தச தாளம். அஃதாவது முடி முதல் அடிவரை 124 கூறு. மெழுகின்மேல் காவிரியின் வண்டல் மண்ணை மெல்லிதாகப் பூசி, உலர்த்தி, மீண்டும் பூசி, கம்பி கட்டிக் கவசமாக்குவர். சூடேற்றினால் மெழுகு உருகி வழியும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் புகும். மண்ணை உடைத்தால் திருமேனி. ஒரு மெழுகுக்கு ஒரு திருமேனிதான்; தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இம்முறையை விரிவாக எழுதி வைத்தவருள் ஒருவர் கருநாடக மண்ணின் மன்னர் என்பது நமக்குப் பெருமை. கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கியர் மூன்றாம் சோமேசுவரன், பன்னிரண்டாம் நூற்றாண்டில் 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூலில் இதனைக் கூறுகின்றார். மெழுகை நிறுத்து அதன் மடங்காக உலோகத்தை எடுக்கும் கணக்கும் அதில் உண்டு. வெண்கலம் மெழுகைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு எடையுள்ளது என்பதை எண்ணினால், அக்கணக்கு எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும். உலோகம் குறைந்தால் தெய்வத்தின் கை முடிவதற்குமுன் உலை வற்றிவிடும்.

ராய் சௌதுரி தொடங்குவது மெழுகில் அன்று, களிமண்ணில். இரும்புக் கம்பியாலும் மரத்தாலும் முதலில் ஓர் எலும்புக்கூடு கட்டப்படும். ஆளுயரத்திற்கு மேற்பட்ட உருவின் ஈரக் களிமண் பல நூறு கிலோ இருக்கும். எலும்புக்கூட்டில் பிழை நேர்ந்தால் ஓர் இரவில் தோள் சரிந்து இடுப்பில் நிற்கும். அதன்மேல் மண்ணை உருண்டை உருண்டையாக அழுத்திச் சேர்ப்பர். எதிரில் உயிருள்ள மனிதர் நிற்பார். அவர் மூச்சு வாங்கும்போது விலா எப்படி விரிகிறது, எடையை ஒரு காலுக்கு மாற்றும்போது இடுப்பு எப்படிச் சாய்கிறது என்பதைக் கண்ணால் அளந்து கட்டைவிரலால் எழுத வேண்டும். கீற்றோலைக்கு இங்கே வேலையில்லை; தாளக் கணக்கும் இல்லை. மாலையில் ஈரத்துணி போர்த்தி வைப்பர், உலர்ந்தால் வெடிக்கும். உருவம் முடிந்தபின் பாரிஸ் சாந்தால் அச்செடுத்து, அவ்வச்சில் மீண்டும் சாந்தை வார்த்து, வெள்ளைப் படி ஒன்றை எடுப்பர். வார்ப்புக்கூடத்திற்குச் செல்வது இவ்வெள்ளைப் படியே.

பெரிய சிலையைக் கனமாக வார்க்க இயலாது. சோழர் திருமேனிகள் பெரும்பாலும் கன வார்ப்பு. ஓரடி, மூன்றடி உயரத்துக்கு அது தகும். பன்னிரண்டடி மனிதனைக் கனமாக வார்த்தால் பல டன் உலோகம் வேண்டும். ஆறும்போது ஓரிடம் முந்தியும் ஓரிடம் பிந்தியும் இறுகிப் பிளவுபடும். ஆகவே உள்ளே பொள்ளலாக, மேலே சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ஓடாக வார்ப்பர். தலை, மார்பு, கை, கால் எனத் துண்டு துண்டாக வார்த்து, பின்னர் இணைத்து, இணைப்பு தெரியாமல் அரத்தாலும் உளியாலும் செப்பம் செய்வர். இறுதியில் அமிலம் பூசிச் சூடுகாட்டி நிறமேற்றுவர். இத்தனை கைமாற்றங்களுக்கு இடையிலும் சிற்பியின் கட்டைவிரல் பதிந்த தடம் மறையாமல் வெண்கலம்வரை வந்து சேர வேண்டும். ராய் சௌதுரியின் சிலைகளில் அது வந்து சேர்ந்திருக்கிறது. அருகில் சென்று பாருங்கள். தோல் வழவழப்பாக இராது. உருண்டையாக ஒட்டிய மண், அழுத்தி இழுத்த விரல், கத்தியால் வழித்த கோடு எல்லாம் தெரியும். கடற்கரை வெயில் அம்மேடுபள்ளத்தில் உடைந்து விழும்போது தசை துடிப்பது போலத் தோன்றும். சோழத் திருமேனியில் ஒளி வழுக்கிச் செல்லும். இங்கே ஒளி இடறி விழும்.

இப்பாணி பிரான்சு நாட்டு ரொதேனிடமிருந்து வந்தது என்பர், பொய்யன்று. ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னை அருங்காட்சியகத்து நடராசத் திருமேனிகளின் நிழற்படங்களைக் கண்டு மயங்கி, ரொதேன் சிவ நடனத்தைப் பற்றி உரைநடையில் ஒரு துதியே எழுதினார்; அவர் இறந்தபின் 1921இல் அது அச்சேறியது. பாரிசில் இருந்தவர் எழும்பூரை நோக்கினார்; எழும்பூருக்கு நடந்தே செல்லும் தொலைவில் இருந்தவர் பாரிசை நோக்கினார்.

இதனை ராய் சௌதுரியின்மேல் குற்றமாகவே சுமத்துவோர் உண்டு. சோழ நாட்டு வார்ப்பு மரபு உயிரோடிருக்கும் மாகாணத்தின் கலைப்பள்ளியை இருபத்தெட்டாண்டு ஆண்டவர், அம்மரபின் இலக்கணத்தைத் தம் சிற்பத்தில் ஏன் ஏற்கவில்லை? பாட்னா நினைவுச் சின்னத்தின் வார்ப்பு இத்தாலியில் நடைபெற்றதே, காவிரிக்கரையில் வார்ப்போர் இல்லையா? கேள்வி நியாயமானது. எனினும் விடையில் இரண்டு பக்கம் உண்டு. மூன்றடித் திருமேனியைப் பிழையின்றி வார்க்கும் குடும்பம் வேறு. ஏழு ஆள்களைப் பொள்ளலாக வார்த்து இணைக்கும் பெருங்கூடம் வேறு. பின்னதற்குரிய உலைகளும் தூக்கிகளும் அக்காலத்தில் இந்நாட்டில் அரிது. அன்றியும், தாள இலக்கணம் தெய்வத்துக்கென வகுத்தது. தெய்வத்துக்கு மூச்சிரைப்பதில்லை, முதுகு வலிப்பதில்லை. கூலியாளின் களைப்பை 124 கூற்றில் அடக்க இயலுமா என்பது ஐயமே. ஆனால் அவர் தபதியரைத் தம் பள்ளிக்குள் இன்னும் நெருக்கமாக இழுத்திருக்கலாம் என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு. அவர் ஓய்வு பெற்ற அதே 1957இல்தான் மாமல்லபுரத்தில் தபதியர் மரபுக்கென அரசு தனிக் கல்லூரி கண்டது. ஒரு கலை இரண்டு கல்லூரியாகப் பிரிந்து போயிற்று. அப்பிரிவின் விலையை நாம் இன்றும் கொடுத்துவருகிறோம். இன்று நாற்சந்திகளில் எழும் தலைவர் சிலைகளை நோக்குவோர்க்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. தாளமும் இல்லை, உடற்கூறும் இல்லை, நீட்டிய சுட்டுவிரல் மட்டும் உண்டு.

பாட்னா நினைவுச் சின்னத்தைப் பற்றிச் சில சொற்கள். 1942 ஆகஸ்டு 11ஆம் நாள், பாட்னாச் செயலகத்தின்மேல் மூவண்ணக் கொடியை ஏற்றச் சென்ற மாணவர் எழுவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். 1956இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அவர்தம் சிலைத்தொகுதியைத் திறந்து வைத்தார். கொடியேந்திய முதல்வர் முன்னே; பின்னால் வருபவர் சிலர் வீழ்ந்தும், வீழ்கையிலும், வீழ்ந்தோரைக் கடந்து எழுந்தும் நிற்பர். உயிர் போகும் கணமும் கால் முன்செல்லும் கணமும் ஒரே தொகுதியில். திருவனந்தபுரத்து ஆலயப் பிரவேசச் சிற்பம், கல்கத்தாவின் சுரேந்திரநாதர், ஆசுதோசர் ஆகியவை குறித்து எழுத இங்கே இடமில்லை.

1959 சனவரி 25, குடியரசு நாளுக்கு முந்தைய நாள், சென்னையில் உழைப்பாளர் சிலை நிறுவப்பெற்றது. மெரினாவை அழகுபடுத்தும் திட்டத்தில் அதுவே முதற்சிலை. 1923 மே முதல் நாள் சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியதும் இதே நகரின் கடற்கரையில்தான். அதே ஆண்டு சற்றுத் தெற்கே அவரது காந்தியடிகளும் எழுந்தார். நேருபிரான் திறந்து வைத்தார். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவரும் ஔவையும் கண்ணகியும் கம்பரும் பிறருமாகப் பதின்மர் அங்கு வந்து சேர்ந்தது பின்னர் நிகழ்ந்தது. அவ்வரிசையில் காலத்தால் முந்தியவர் புலவரல்லர், அரசரல்லர். பெயரில்லாத நான்கு கூலியாட்கள்.

உருவங்களுக்கு முன்மாதிரியாக நின்றோருள் ஒருவர் அக்கல்லூரியின் இரவுக் காவலர். இன்னொருவர் அங்கே பயின்ற மாணவர். இதை எண்ணுந்தோறும் என் மனம் அங்கேயே தங்கிவிடுகிறது. இரவெல்லாம் வாயிலில் விழித்திருந்த ஒருவர், பகலில் மேல்துணி களைந்து, இல்லாத பாறையை இருப்பதாகப் பாவித்து, மணிக்கணக்காகக் குனிந்து நின்றிருக்கிறார். சும்மா நிற்பதே உழைப்பு. பாரத்தைத் தள்ளுவது போல அசையாமல் நிற்பது அதனினும் கொடிய உழைப்பு. பாரத்தைத் தள்ளினால் பாரம் நம்மைத் தாங்கும். வெறுவெளியைத் தள்ளினால் தாங்க ஆளில்லை. முதுகிலும் பின்தொடையிலும் அச்சிற்பத்தில் தெரியும் நடுக்கம் உழைப்பாளியின் நடுக்கமா, அன்றி முன்மாதிரியாக நின்றவரின் நடுக்கமா? பிரித்தறிய இயலாது என்பதே அச்சிலையின் உண்மை.

சிற்பி அதற்கு இட்ட பெயர் 'உழைப்பின் வெற்றி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர். சிலையிலோ வெற்றி எங்கும் இல்லை. பாறை பெயரவில்லை, நால்வர் முகத்திலும் களிப்பில்லை. முழுவதும் முயற்சியே. தமிழ் மக்கள் அப்பெயரிலிருந்த வெற்றியை ஓசையின்றி உதிர்த்துவிட்டு 'உழைப்பாளர் சிலை' என்றே வழங்கலாயினர். யார் முதலில் அவ்வாறு அழைத்தனரோ அறியோம்; ஆயினும் சிற்பியினும் அவர் சிற்பத்தை நன்கு பார்த்தவர் என்று துணிந்து கூறுவேன். ரொதேனின் கலே நகரத்தாரும் இவ்வாறே தோல்வியை நோக்கி நடந்தவர்கள். அவர்களாவது பெயருள்ள செல்வர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நால்வரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. பார்வையெல்லாம் பாறைமேல். ஆயினும் உடல்கள் ஒரே கோட்டில் சாய்ந்து ஒரே திசையில் விசையைச் செலுத்துகின்றன. கோயிற் சிற்பத்தில் பக்தன் இறைவனை நோக்குவான். அரசர் சிலை நம்மை நோக்கும். நம் மைசூர் அரண்மனை முற்றத்தில் கோல்டன் என்னும் ஆங்கிலச் சிற்பி வடித்த வெண்கலப் புலிகள்கூட வருவோரை நோக்கியே நிற்கின்றன. இந்நால்வர்க்கு மட்டும் நம்மை ஏறெடுத்துப் பார்க்க நேரமில்லை.

கடல் உப்பு வெண்கலத்துக்கு நட்பன்று. காற்றிலுள்ள உப்பின் குளோரைடு செம்போடு கூடிப் பசிய களிம்பை உண்டாக்கும்; ஈரம் உள்ளவரை அது உள்ளே தின்றுகொண்டே செல்லும். தில்லியில் தேசிய நவீனக் கலைக்கூடத்தின் புல்வெளியில் இதே சிற்பத்தின் மற்றொரு படி உள்ளது. அதற்கு அத்தொல்லை இல்லை. சென்னைப் படிக்கு அலையும் காக்கையும் காற்றும் நாள்தோறும் வேலை வைக்கின்றன.

மாணாக்கரைப் பற்றி எழுதத் தொடங்கினால் மற்றொரு கட்டுரை ஆகும். கே.சி.எஸ். பணிக்கர் அவருக்குப்பின் கல்லூரித் தலைமை ஏற்றுப் பின்னாளில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர். எஸ். தனபால் மயிலாப்பூர்த் தமிழர். 1972 முதல் 1977 வரை கல்லூரியின் முதல்வர். இவ்விருவரும் ஆசிரியரின் பாணியை விட்டு விலகியவர்களே. தனபாலின் வெண்கலத்தில் உடற்கூற்றுத் துல்லியம் கரைந்து, நாட்டுப்புறத் தெய்வத்தின் நேர்நோக்கும் கோட்டின் இசையும் மேலோங்கின. ஜானகிராம் ஒருபடி மேற்சென்று, கோயிற் கவசம் செய்வது போலத் தகட்டையே தட்டிச் சிற்பமாக்கினார். பிள்ளை தந்தையைப் போல் இல்லையே என்று வருந்துவார் சிலர். ஆனால் உயிருள்ள மனிதரை முன்னிறுத்தி வரைவதும், பள்ளிச் சுவரை விட்டு வெளியேறித் தெருவையும் துறையையும் வரையச் செல்வதும் இவ்வாசிரியர் கொணர்ந்த பழக்கம். அந்தப் பயிற்சி இல்லாதிருந்தால் விலகுவதற்கும் அவர்களுக்கு ஓர் இடம் இருந்திராது.

1954இல் லலித கலா அகாதெமி தோன்றியபோது அதன் முதல் தலைவர் அவரே. 1958இல் பத்மபூசண். ஓய்வுக்குப் பின்னும் களிமண்ணை விடவில்லை. இறுதியாக எடுத்துக்கொண்ட பணி தண்டி யாத்திரை: காந்தியடிகள் முன்னே கோலூன்றிச் செல்ல, பின்னால் பல சமயத்தாரும் பல நிலையினருமாகப் பதின்மர் தொடரும் பதினோர் உருவத் தொகுதி. அது முற்றுப்பெறுமுன் 1975 அக்டோபரில் அவர் மறைந்தார். எஞ்சிய பணி பிறரால் நிறைவேறித் தில்லிச் சாலையோரத்தில் அது நிறுவப்பெற்றது. 'பதினொரு மூர்த்தி' என்று தில்லியார் இந்தியில் அழைப்பர். அங்கும் மக்கள் வைத்த பெயரே நிலைத்தது. சிற்பி பெயர் ஒருவர்க்கும் நினைவில்லை.

அத்தொகுதி பல ஆண்டுகள் ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அச்சாகியிருந்தது. 2016 நவம்பரில் அத்தாள் செல்லாததாயிற்று. வங்கியில் மாற்றுவதற்காக வரிசையில் நின்ற நாளொன்றில், என் ஹெப்பாள் நண்பர் ஒரு தாளை மட்டும் மாற்றாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்போது காரணம் கேட்டேன், சிரித்தார். சென்னையிலிருந்து திரும்பிய வாரம் அதை எடுத்துவந்து என் மேசைமேல் விரித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் பிடித்து, "பாருங்கள் ஐயா, இதுவும் அவர் கைதானே?" என்றார். ஆம் என்றேன்.